கூட்டத்துக்கு முன் பட்டணம் பார்த்த கதை



கூட்டத்துக்கு வரச்சொல்லி உங்களுக்கு ஒரு கடிதம் வரும். திகதி, நேரம், மண்டபத்தின் பெயர், பிரயாணச் செலவு வழங்கப்படும் என்று ஒரு வரி. இவ்வளவுதான் அதில் இருக்கும். எங்கே படுப்பது, எத்தனை படி ஏறவேண்டும், மலசலகூடம் எந்தப் பக்கம், என்ன சாப்பாடு என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் ஒருபோதும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கடிதங்களைப் பத்து வருடங்களாக எழுதி அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இம்மாதம் என்னுடைய பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற வருடம் வேறொரு நகரத்தில் இரண்டு நாள் செயலமர்வு ஒன்றை ஒழுங்கு செய்தோம். விடுதியைத் தொலைபேசியிலேயே பேசி முடித்தேன். "நல்ல இடம் மிஸ், எல்லா வசதியும் இருக்கு" என்றார்கள். நம்பினேன். போய்ப் பார்த்தால் எங்களுக்குத் தந்த அறைகள் மூன்றாம் மாடியில் இருந்தன. லிப்ற் இல்லை. முல்லைத்தீவிலிருந்து வந்த அக்கா ஒருவருக்கு 2009இல் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு நடப்பவர். ஒன்றும் சொல்லாமல் ஏறினார். மேலே குந்தியிருக்கும் மலசலகூடந்தான் இருந்தது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். தேத்தண்ணி நேரத்தில் அவர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசியதை நான் கண்டேன். அவர் குடிக்கவில்லை என்பதைக் காணவில்லை. ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் சிறுநீரில் கிருமித்தொற்று, காய்ச்சல். நான்கு நாள் வைத்தியசாலையில் கிடந்தார். அந்தச் செயலமர்வின் தலைப்பு என்ன என்று கேட்காதீர்கள். பெண்களின் ஆரோக்கியம்.

இந்த வருடம் புரட்டாசியில் ஐந்து மாவட்டங்களிலிருந்து 38 பெண்கள் யாழ்ப்பாணத்தில் கூடுகிறோம். வெள்ளி இரவும் சனி இரவும் தங்கல். இடம் பார்க்கப் போகும்போது அதே அக்காவையே என்னோடு வரச்சொல்லிக் கேட்டேன்.

"நடக்க ஏலாதவளைக் கூட்டிக்கொண்டு போய் என்னத்தைப் பாக்கப் போறாய் தங்கச்சி?"

"அதுக்குத்தான் அக்கா கேக்கிறன்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாப்பாடு வாங்கித் தருவியோ?" என்றார். அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கினோம்.

திகதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவணியை ஒட்டி வரும் நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சனம் வந்து நிறையும். அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை வேறு. ஐப்பசி பிறந்தால் மழை தொடங்கிவிடும். கார்த்திகையில் கான் நிரம்பி றோட்டும் கானும் ஒன்றாகிவிட்டால் எங்கே கால் வைப்பது என்று நல்ல கால் உள்ளவர்களுக்கே தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். திருவிழாவுக்கும் மழைக்கும் நடுவே கிடைப்பது புரட்டாசியின் சில வாரங்கள்தான்.

வந்துசேரும் வழிகளும் ஐந்து மாவட்டத்துக்கும் ஐந்து விதம். முல்லைத்தீவு, கிளிநொச்சிச் சகோதரிகள் பரந்தன், ஆனையிறவு வழியாகப் பஸ்ஸில் வருவார்கள். மன்னாரிலிருந்து வருபவர்களுக்கு 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழி கிடைத்தது. அதற்கு முன் வவுனியா சுற்றியல்லவா வரவேண்டியிருந்தது. வவுனியாச் சகோதரிகளுக்கு ரயில் வசதி. 1990இல் நின்றுபோன ரயில் 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. எனக்கு யோசனை தந்தவர்கள் மட்டக்களப்பிலிருந்து வரும் நால்வர். இரவு பஸ் ஏறினால் விடிய நான்கு மணிக்கு இங்கே இறக்கிவிடும். விடுதிகளோ பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவதாகச் சொல்கின்றன. எட்டு மணித்தியாலம் நான்கு பெண்கள் பையோடு எங்கே இருப்பது? இந்தக் கேள்வியை எழுதிக்கொண்டுதான் விடுதி பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் நடந்து பார்த்தோம். பஸ் நிலையத்திலிருந்து பொது நூலகத்துக்கு அண்மையில் இருக்கும் எங்கள் மண்டபம் வரை நான் மட்டும் நடந்தால் பதினைந்து நிமிடம். அக்காவோடு நடந்தபோது முப்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. ஆஸ்பத்திரி வீதியால் நடந்தபோது எனக்கு ஒரு விசயம் விளங்கியது. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கடைக்காரர் வாளியும் பாயும் அடுக்கியிருக்கிறார், அது முடிந்தால் கானின் மூடி உடைந்து ஓர் ஓட்டை. நான் ஒவ்வொரு முறையும் றோட்டில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். இறங்கி ஏறுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அக்கா பத்தாவது முறை நின்றார். "ஏறுறது பறவாயில்லை. இறங்கிறதுதான் கஷ்டம். அந்தக் கால் எங்க நிக்குது எண்டு எனக்குத் தெரியாது தானே, பாத்துப் பாத்துத்தான் வைக்கவேணும்" என்றார். செயற்கைக் காலோடு நடப்பவர்களிடம் நாங்கள் எப்போதும் படி ஏற முடியுமா என்றே கேட்கிறோம். இறங்கமுடியுமா என்று கேட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னார். காலையில் சரியாகப் பொருந்தும் கால் பின்னேரத்தில் பொருந்தாது. நாள் முழுக்க நடந்தால் மிஞ்சிய காலின் பருமன் மாறும், வியர்வையில் தோல் உரஞ்சும். நடுவில் எங்கேயாவது ஒதுங்கி இருந்து காலைக் கழற்றி, துடைத்து, சொக்ஸ் மாற்றிப் போட்டால்தான் மிச்ச நாளை ஓட்டலாம். அப்படி ஒதுங்க இந்தப் பட்டணத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று தேடினோம். பஸ் நிலையத்து வாங்கு, ஆனால் அத்தனை பேர் முன்னால் காலைக் கழற்ற எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? கட்டணம் வாங்கும் மலசலகூடங்கள் மூன்றைப் பார்த்தோம். ஒன்றில் மட்டும் உள்ளே கொளுக்கி சரியாக விழுந்தது. பையை மாட்ட ஆணி ஒன்றிலும் இல்லை, மாதவிடாய்த் துணி போட வாளி ஒன்றிலும் இல்லை. கடைசியில் நல்ல இடம் என்று கண்டது நூலகத்துக்குப் பக்கத்துச் சுப்பிரமணியம் பூங்காதான். நிழல் இருக்கிறது, இருக்க இடம் இருக்கிறது, ஓர் ஓரமாகச் சேலையை விரித்து மறைத்துக்கொண்டால் காலைக் கழற்றலாம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பொதுவெளி என்ற பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தேன். வாங்கு எங்கே, கொளுக்கி எங்கே என்று அந்தப் பாடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

கடைப் பக்கமாகத் திரும்பியபோது கஸ்தூரியார் வீதி வந்தது. இரண்டு பக்கமும் நகைக்கடை. அக்கா ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். தன்னுடைய தாலிக்கொடி கன்னாதிட்டியில் செய்தது என்றார். அது எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூட்டத்துக்கு வருபவர்களை இந்தத் தெருவால் கூட்டிவர வேண்டாமோ என்று மெதுவாகக் கேட்டேன். "ஏன்? பாக்கிறதுக்குக் காசே கேக்கிறாங்கள்?" என்று சிரித்தார். பிறகு ஐந்து நிமிடம் நின்று ஒரு சோடித் தோட்டைப் பற்றி விமர்சனம் சொன்னார். மனம் நோகும் என்று நாங்களாகவே தீர்மானித்து வழியை மாற்றுவதும் ஒருவகைச் சட்டாம்பிள்ளைத்தனந்தான் போலிருக்கிறது.

ஆனாலும் எங்கள் வழியாக மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்தையே முடிவு செய்தோம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டிய கோபுரம் அது. அந்தப் பக்கம் சனநெருக்கம் குறைவு, ஏறி இறங்கும் இடங்களும் குறைவு. காலில் பிரச்சினை உள்ள ஆறு பேருக்கும் வயதானவர்களுக்கும் இரண்டு ஆட்டோக்களைக் காலையும் மாலையும் பேசிவிட்டேன். ஒன்றைக் கவனமாகச் செய்யவேண்டும் என்று அக்கா சொன்னார். "ஏலாதவையள் ஆட்டோவில ஏறுங்கோ எண்டு கூட்டத்தில நிண்டு கத்தாதை. ஆட்டோ நிக்கும், விருப்பமான ஆக்கள் ஏறட்டும்."

இனி விடுதிகள். ஒரு நாளில் ஏழு இடம் பார்த்தோம். பெரிய ஹொட்டேல்களின் வாசலில் நின்று விலை கேட்டுவிட்டுத் திரும்பினோம். அவை எங்கள் பணத்துக்கு எட்டாது. ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர், "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று மூன்று முறை கேட்டார். 38 பெண்கள், எல்லாரும் பெண்கள்தான் என்று நானும் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை, "பொறுப்பா ஆர் நிப்பினம்?" என்றார். அடையாள அட்டை கேட்பது சரி, பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும் சரி. கணவனை இழந்து பதினைந்து வருடம் ஒரு குடும்பத்தைத் தனியாகச் சுமந்தவளிடம் உனக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்கு என்ன பதில் சொல்வது? அக்கா சொன்னார்: "தம்பி, இவைக்கு நான் பொறுப்பு. எனக்கு இவை பொறுப்பு. சரியோ?" அந்த இடத்தை வெட்டிவிட்டோம்.

இன்னொரு இடம் அழகான கட்டடம். கீழே மதுபானச் சாலை. வெட்டு. வேறொன்றில் வாசலில் சாய்தளம் இருந்தது, சந்தோசப்பட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சறுக்குமரம் மாதிரி நிற்கிறது. மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குக் கட்டியதாம். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சக்கர நாற்காலிக்கான பொதுவான கணக்கு. எங்கள் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளுக்காக இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இதை அந்த முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர், கவனமாகக் கேட்டார். "மிஸ், இவ்வளவு காலமும் அப்பிடி ஒரு ஆளும் இங்க தங்க வரேல்லையே" என்றார். படி ஏற முடியாதவர்கள் எப்படி வருவார்கள் ஐயா என்று கேட்க நினைத்தேன். களைப்பில் கேட்காமல் வந்துவிட்டேன். இப்போது அது நெஞ்சில் நிற்கிறது.

ஐந்தாவதாகப் பார்த்த விடுதி பழைய வீடொன்றைத் திருத்திச் செய்தது. தரைத்தளத்தில் ஆறு அறை, மேலே ஏழு. ஓர் அறையில் மூவர் தங்கலாம், மின்விசிறி, நுளம்புவலை. தரைத்தளத்தில் நான்கு அறைக்குக் கொமட் இருக்கிறது. அக்கா அறைக்குள் போய்ப் பார்த்த முறை எனக்கு ஒரு பாடம். கட்டிலின் உயரத்தை இருந்து பார்த்தார். குளியலறைத் தரையை ஈரமாக்கி, ஊன்றுதடியால் வழுக்குகிறதா என்று தேய்த்துப் பார்த்தார். கதவை உள்ளே பூட்டித் திறந்தார். பிறகு யன்னலைத் திறந்தார். அது சுவரைப் பார்த்தது. "இந்த அறையில என்னால படுக்கேலாது" என்றார். வெளிச்சமும் காற்றும் தெரியாத அறையில் பதுங்குகுழி ஞாபகம் வருமாம். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் வீட்டில் யன்னலைத் திறந்துவைத்துத்தான் படுக்கிறாராம். அவருக்கு மட்டுமல்ல, வரப்போகிறவர்களில் இன்னும் சிலருக்கு அப்படி இருக்கும் என்றார். ஆகவே யன்னல் முற்றத்தைப் பார்க்கும் அறைகளைக் குறித்துக்கொண்டோம். அந்த வார இறுதியில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் ஏதும் உண்டா, வெடி கொளுத்துவார்களா என்றும் கேட்டேன். வீட்டுக்கார அம்மா ஏன் என்று கேட்காமலே, "இல்லைப் பிள்ளை, நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். மட்டக்களப்புச் சகோதரிகளின் நான்கு மணிக் கதையையும் சொன்னேன். "விடியப்புறம் நான் எழும்பித்தான் இருப்பன், வந்து மணியடிக்கச் சொல்லு" என்றார். முற்பணத்தை அங்கேயே கொடுத்தேன்.

சாப்பாட்டில்தான் நானும் அக்காவும் சண்டை பிடித்தோம். என் கணக்கில் மத்தியானத்துக்குச் சோற்றுப் பாசல். மலிவு, வேகம், பாத்திரம் கழுவும் வேலை இல்லை. ஒரு பாசல் 400 ரூபாவுக்குத் தருவதாக ஒரு கடையில் பேசியும் விட்டேன். வெளியே வந்ததும் அக்கா சொன்னார். "பாசல் வேண்டாம் தங்கச்சி. மெனிக் பாமில வரிசையில நிண்டு கையை நீட்டி வாங்கின பாசல் போதும். ரெண்டு நாளைக்காவது கதிரையில இருந்து, மேசையில வைச்சு, ஒராள் கறி வேணுமோ எண்டு கேட்டுப் போட, சாப்பிடுவம்." எனக்கு வாய் அடைத்துவிட்டது. எத்தனை கூட்டங்களில் வரிசையாக நிறுத்திப் பாசல் கொடுத்து, படமும் எடுத்திருக்கிறேன்!

அன்று மத்தியானம் அவரைப் பெரியகடைப் பக்கத்து மலாயன் கபேக்குக் கூட்டிப்போனேன். வாழையிலையில் சைவச் சாப்பாடு போடும் பழைய கடை. இலை விரித்து, கறி வைத்து, வேணுமோ என்று கேட்டார்கள். அக்கா இரண்டு முறை வேண்டும் என்றார். 38 பேரை ஒரே நேரத்தில் அங்கே கொண்டுபோய் இருத்த முடியாது. அதனால் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் குழுவொன்றைப் பிடித்து, மண்டபத்திலேயே மேசை போட்டுப் பரிமாறப் பேசியிருக்கிறேன். ஆளுக்கு 180 ரூபா கூடுகிறது. கோப்பும் பையும் கொடுப்பதை நிறுத்தினால் அந்தக் காசு வரும். எங்கள் வீடுகளில் கோப்பு இல்லாமலா இருக்கிறது!

சனிக்கிழமை புரட்டாசிச் சனி. விரதகாரர் பலர் இருப்பார்கள், ஆகவே அன்று எல்லாருக்கும் சைவம். ஞாயிற்றுக்கிழமை மச்சம். மன்னாரிலிருந்து வருபவர்களில் ஒரு முஸ்லிம் சகோதரி இருக்கிறார். அவருக்கு மட்டும் வேறு சாப்பாடு என்று ஒரு மூலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சோனகதெருவில் சமைத்துக் கொடுப்பவர்களிடம் போய், ஞாயிறு மத்தியானத்துக்கு எல்லாருக்குமே அங்கிருந்து சோறும் கோழிக்கறியும் எடுப்பதென்று ஒழுங்கு செய்தேன். அன்று பின்னேரமே அந்தச் சகோதரிக்கு அழைத்துச் சொன்னேன். சற்றுநேரம் பேச்சில்லை. தான் பிறந்தது அந்தத் தெருவில்தான் என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. இது எனக்கு அதுவரை தெரியாது, ஆறு வருடமாகப் பழகுகிறோம். "மண்டபத்தில இருந்து நடந்துபோற தூரமா?" என்று கேட்டார். அடுத்தநாள் நானே நடந்து பார்த்துவிட்டு ஆட்டோதான் நல்லது என்று சொன்னேன். ஞாயிறு காலை கூட்டம் தொடங்கமுன் இருவரும் போய்வருவதாக இருக்கிறோம்.

சனி பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நேரம் உங்களுடையது. நவீன சந்தைப் பக்கம் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்விடுங்கள். பட்டணத்தில் கடைகள் நேரத்தோடு பூட்டத் தொடங்கிவிடும், அதன்பின் சில தெருக்களில் வெளிச்சமும் குறைவு. கூட்டமாகப் போய்க் கூட்டமாக வாருங்கள். பிறகு நல்லூர்ப் பக்கம் றியோவில் ஐஸ்கிறீம் என்று அக்கா ஒரு யோசனை சொன்னார். கணக்காளர் வவுச்சரில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தலையைச் சொறிவார். சிற்றுண்டி என்று எழுதுவோம்.

இன்னும் முடியாத வேலைகள் இருக்கின்றன. மண்டபத்து மேடைக்குப் படி மட்டும் இருக்கிறது, கைபிடி இல்லை. அதனால் மேடையை விட்டுவிட்டுக் கதிரைகளைக் கீழே வட்டமாகப் போடப்போகிறோம். பிரதம விருந்தினர் என்ன நினைப்பாரோ தெரியாது. குளியலறைகளில் வைக்க நான்கு பிளாஸ்ரிக் கதிரைகளை நாங்களே கொண்டுபோகிறோம். மண்டபத்து மலசலகூடத்தில் கொளுக்கியும் ஆணியும் அடிக்க ஒருவரைப் பிடித்தாகிவிட்டது.

வரவிருக்கும் சகோதரிகளுக்கு இம்முறை கடிதத்தோடு முத்திரை ஒட்டிய ஒரு தபாலட்டையும் வரும். தரைத்தள அறை வேண்டுமா, யன்னல் பக்கக் கட்டில் வேண்டுமா, நீரிழிவுக்காரருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறீர்களா, எதற்குப் பயம், எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதி அனுப்புங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. எழுதக் கூச்சமாக இருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள், அவர் என்னிடம் பெயர் சொல்லாமல் சொல்வார். அறைகளைப் பிரிக்க எனக்கு ஒரு வாரமாவது வேண்டும் என்பதால் 10ஆம் திகதிக்கு முன் தபாலில் போட்டுவிடுங்கள்.